உருகி உரைத்த உண்மை

கரைக்குள் அடங்கிச் செல்லும் வரையில் ஆற்று நீர் ஊருக்கு வாழ்வளிக்கும். கரை ஓரிடத்தில் உடைந்துவிட்டால், பயிரை வளர்த்த அதே நீர் பயிரையும் குடியிருப்பையும் அழித்துவிடும். நீரிடத்தில் குற்றம் இல்லை. செல்லவேண்டிய வழியை விட்டு அது விலகியதே குற்றம். மின்னோட்டத்தின் இயல்பும் இத்தகையதே. செம்புக் கம்பி அதன் வாய்க்கால். கம்பியைப் போர்த்திருக்கும் ரப்பரோ பிளாஸ்டிக்கோ அதன் கரை. இக்கரையை மின்காப்பு என்பர். காப்பு உடைந்து, மின்னோட்டம் விளக்கையோ பொறியையோ அடையாமல் இடைவழியிலேயே திரும்பிவிடுமானால், அதற்குக் குறுக்குச்சுற்று என்று பெயர். பட்டறையில் வேலை செய்வோர் இதனை ‘ஷார்ட்’ என்பர். பழைய வண்டிகளுக்குப் புதிதாகக் கம்பி அமைக்கும்போது இப்பிழை எளிதில் நேர்ந்துவிடும். அது நேர்வது எவ்வாறு, அதனைக் கண்டறிவது எவ்வாறு என்பவற்றை அறிந்துகொள்வது ஒவ்வொருவர்க்கும் பயன் தரும்.

வீட்டில் ஒரு விளக்கு எரிவதற்கு இரண்டு கம்பிகள் வேண்டும். ஒன்றன் வழியே மின்னோட்டம் வரும்; மற்றொன்றன் வழியே திரும்பும். மோட்டார் வண்டியிலோ பெரும்பாலும் ஒரு கம்பியே விளக்குக்குச் செல்லுகிறது. திரும்பும் வழியாக வண்டியின் இரும்பு உடலே பயன்படுகிறது. பாட்டரியின் ஒரு முனை தடித்த கம்பியால் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். ஆதலின் வண்டியின் கூரை, தரை, கதவு ஆகிய இரும்புப் பகுதிகள் அனைத்தும் ஒரு பெரிய கம்பிக்கு நிகராகும். இவ்வமைப்பால் கம்பிச் செலவு குறைகிறது, வேலையும் எளிதாகிறது. ஆயினும் இதில் ஓர் இடரும் உண்டு. காப்புக் கிழிந்த கம்பி வண்டியின் எந்த மூலையில் இரும்பைத் தொட்டாலும், அங்கே குறுக்குச்சுற்று உண்டாகிவிடும்.

வண்டிகளின் பாட்டரி பெரும்பாலும் 12 வோல்ட்டு மின்னழுத்தம் உடையது. அதனைக் கையால் தொட்டாலும் உடலில் அதிர்ச்சி தோன்றுவதில்லை. இதனால் பலரும் வண்டியின் மின்சாரத்தைத் தீங்கற்றதென்று கருதுகின்றனர். இது தவறான எண்ணம். மனிதரைத் தாக்காத மின்னழுத்தம் வண்டியையே எரித்துவிடும் ஆற்றல் உடையதாகலாம். இவ்வுண்மையைக் கணக்கால் எளிதில் உணரலாம்.

மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டத்தின் அளவு கிடைக்கும் என்பதை 1827-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞரான ஓம் என்பவர் வெளியிட்டார். வண்டியின் பின்புறத்தில் எரியும் 6 வாட்டுச் சிறு விளக்கின் மின்தடை 24 ஓம். 12-ஐ 24-ஆல் வகுத்தால் கிடைப்பது அரை ஆம்பியர். இவ்வளவு சிறிய மின்னோட்டத்தை மெல்லிய கம்பியும் தாங்கும். அவ்விளக்கை அடைவதற்கு முன்பே கம்பி இரும்பைத் தொட்டுவிட்டால், வழியில் விளக்கின் தடை இல்லை. கம்பியின் தடையும் பாட்டரியின் தடையுமே எஞ்சும். அவை இரண்டும் சேர்ந்து ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், பாயும் மின்னோட்டம் 120 ஆம்பியர். அரை ஆம்பியர் எங்கே, 120 ஆம்பியர் எங்கே!

மின்னோட்டம் கம்பியில் எழுப்பும் வெப்பம் அந்த ஓட்டத்தின் இருமடிக்கேற்ப உயரும் என்பதை 1841-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞரான ஜூல் என்பவர் விளக்கினார். அதாவது, ஓட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். ஓட்டம் பத்து மடங்கானால் வெப்பம் நூறு மடங்காகும். மேற்கூறிய 120 ஆம்பியர் ஓட்டத்தில் வெளிப்படும் ஆற்றல் 1440 வாட்டு. துணி தேய்க்கும் 1000 வாட்டு மின்பெட்டியினும் இது மிகுதி. இவ்வளவு வெப்பமும் தரைவிரிப்பின் கீழே கிடக்கும் ஒரு மெல்லிய கம்பியில் எழுமானால் நேர்வது யாது? சில நொடிகளிலேயே காப்பு உருகும், புகை கிளம்பும், அருகிலுள்ள மற்றக் கம்பிகளின் காப்பும் கெடும், விரிப்பும் மெத்தையும் தீப்பற்றும். எரிபொருள் தொட்டி அருகில் இருக்குமானால் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

இத்தீங்கைத் தடுப்பதற்காகவே உருகி அமைக்கப்படுகிறது. ‘பியூஸ்’ என்று யாவரும் அறிந்த சிறு பொருளே அது. அளவான ஓட்டம் செல்லும்போது அது வாளாவிருக்கும். அளவு மீறிய ஓட்டம் வந்தால், மற்றக் கம்பிகள் சூடேறுவதற்கு முன்னே தான் உருகி அறுந்து, வழியை மூடிவிடும். தன்னை அழித்துக்கொண்டு பிறவற்றைக் காப்பதே அதன் தொழில். ஆகவே உருகி எரிந்தால், உருகி கெட்டுவிட்டது என்று எண்ணுதல் கூடாது. வேறு எங்கோ ஒரு பிழை இருக்கிறது என்று அது அறிவிக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

இக்கருத்துகள் நடைமுறையில் எவ்வாறு பயன்படுகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய வண்டிகளுள் அம்பாசிடர் குறிப்பிடத்தக்கது. மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா என்னும் ஊரில் இது செய்யப்பட்டது. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் அமைப்பைத் தழுவி, 1950-களின் பிற்பகுதியில் தோன்றிய இவ்வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றது. அரசு அலுவலர்களையும் வாடகைப் பயணிகளையும் பல்லாண்டுகள் சுமந்த இவ்வண்டிகளுள் சிலவற்றை விருப்பத்தோடு பேணிவருவோர் இன்றும் உளர். திருமண ஊர்வலங்களுக்கு அவற்றை அலங்கரித்து வாடகைக்கு விடுவோரும் உண்டு.

அத்தகைய பழைய வண்டி ஒன்று, மின்கம்பிகளை மாற்றியமைப்பதற்காக ஒரு பட்டறைக்கு வந்தது என்று கொள்ளலாம். பட்டறைத் தலைவர் முதிர்ந்த அனுபவம் உடையவர். அவரிடம் தொழில் பழகிய இளைஞன் ஒருவனும் அங்கே இருந்தான். பானெட்டைத் திறந்து பார்த்தபோது, பழைய கம்பிகளின் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. ரப்பர்க் காப்பு வெப்பத்தாலும் எண்ணெயாலும் இறுகி, வளைத்த இடமெல்லாம் வெடித்திருந்தது. அதன்மேல் பின்னியிருந்த பருத்தி நூலுறை அழுக்கேறி நிறம் தெரியாமல் மங்கியிருந்தது.

நிறம் தெரியாமை சிறு குறையன்று. ஆங்கில முறையைப் பின்பற்றிய பழைய வண்டிகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பொருள் உண்டு. பழுப்பு நிறக் கம்பி பாட்டரியிலிருந்து வருவது. கறுப்பு நிறக் கம்பி வண்டியின் உடலோடு சேர்வது. சிவப்பு நிறம் பக்க விளக்குக்கும் பின்விளக்குக்கும் உரியது. நீல நிறம் முகப்பு விளக்குக்கு உரியது. நிறங்கள் மங்கிவிட்டால் ஒன்றை மற்றொன்றாக எண்ணி மாற்றி இணைத்துவிட நேரும். ஆதலின் பெரியவர் கம்பிகளை ஈரத்துணியால் துடைத்து நிறம் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சீட்டைக் கட்டி, அது எங்கிருந்து எங்குச் செல்லுகிறது என்று எழுதிவைத்தார். பாட்டரியின் எந்த முனை உடலோடு சேர்ந்துள்ளது என்பதையும் குறித்துக்கொண்டார். 1960-களின் இடைக்காலம் வரையில் பிரிட்டனில் செய்யப்பட்ட வண்டிகள் பலவற்றில் நேர்முனையே உடலோடு சேர்க்கப்பட்டிருந்தது. பிற்காலத்து வண்டிகளில் எதிர்முனை சேர்க்கப்படுகிறது. பழைய வண்டியில் கைவைப்போர் இதனை முதலிலேயே தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

வேலை தொடங்கும் முன்பு பெரியவர் இளைஞனை அழைத்து, “தம்பி, கைவிரல் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வை. பாட்டரியின் இணைப்பைக் கழற்றும்போது, உடலோடு சேர்ந்த முனையையே முதலில் கழற்ற வேண்டும்” என்றார்.

“எந்த முனையைக் கழற்றினாலும் ஓட்டம் நின்றுவிடுமே, ஐயா?” என்று அவன் வினவினான்.

“ஓட்டம் நிற்பது உண்மை. ஆனால் மற்ற முனையை முதலில் கழற்றும்போது உன் கையிலுள்ள ஸ்பேனர் தவறி வண்டியின் இரும்பைத் தொட்டால், ஸ்பேனர் வழியாகவே குறுக்குச்சுற்று உண்டாகும், தீப்பொறி பறக்கும். பாட்டரி மின்னேற்றம் பெறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். பொறி பட்டால் அது வெடிக்கும். உடலோடு சேர்ந்த முனையை முதலில் கழற்றிவிட்டால், பின்னர் ஸ்பேனர் வண்டியின் இரும்பைத் தொட்டாலும் தீங்கில்லை. திரும்ப இணைக்கும்போது அதே முனையை இறுதியில் இணைக்க வேண்டும்.”

வேலை சில நாட்கள் நடைபெற்றது. பழைய அமைப்பில் இரண்டே உருகிகள் இருந்தன. விளக்குகளுக்குச் செல்லும் கம்பி அவ்விரண்டின் காவலிலும் அடங்கவில்லை. அக்காலத்து வண்டிகள் பலவற்றில் இதுவே வழக்கம். பெரியவர் பக்க விளக்குகளுக்கும் பின்விளக்குகளுக்குமாக 5 ஆம்பியர் உருகி ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார். முன்னே இரண்டு, பின்னே இரண்டு, எண்பலகைக்கு ஒன்று ஆக ஐந்து விளக்குகள். ஒவ்வொன்றும் 6 வாட்டு. மொத்தம் 30 வாட்டு. அதற்கு வேண்டிய ஓட்டம் இரண்டரை ஆம்பியர். முகப்புப் பலகையின் சிறு விளக்குகளைச் சேர்த்தாலும் 3 ஆம்பியரை எட்டாது. எனவே 5 ஆம்பியர் உருகி போதுமானது. புதிய கம்பிக் கற்றை முகப்புப் பலகையிலிருந்து கதவோரமாகத் தரைவிரிப்பின் கீழே சென்று டிக்கியை அடைந்தது. ஒரு மாலைப் பொழுதில் விளக்குகளை எரித்துப் பார்த்தார்கள். அனைத்தும் நன்றாக எரிந்தன. இருக்கைகள், விரிப்பு, கதவடித் தகடுகள் முதலியவற்றைத் திரும்பப் பொருத்தும் பணி இளைஞனிடம் விடப்பட்டது.

மறுநாள் வண்டியின் உரிமையாளர் வந்தார். அடுத்த நாள் காலையில் ஒரு திருமணத்துக்கு அவ்வண்டி செல்லவேண்டியிருந்தது. விளக்கின் சுவிட்சை இழுத்ததும், பளிச்சென்று ஒரு சிறு ஒளி தோன்றி மறைந்தது. உருகி எரிந்துவிட்டது. இளைஞன் விரைந்து வேறோர் உருகியை வைத்தான். அதுவும் நொடியில் எரிந்தது. மூன்றாவதை எடுத்த அவன் கையைப் பெரியவர் பிடித்துக்கொண்டார்.

“போதும், தம்பி. முதல் உருகி எரிந்தால் அதனிடத்திலேயே ஏதேனும் குறை இருக்கலாம் என்று ஐயுறலாம். இரண்டாவதும் உடனே எரிந்தால் ஐயத்துக்கு இடமில்லை. இனி உருகிகளை எரித்துப் பயனில்லை. பிழையைத் தேட வேண்டும்.”

உரிமையாளர்க்குப் பொறுமை இல்லை. “ஐயா, நாளை விடியற்காலையில் மணமக்களை ஏற்றிக்கொண்டு வண்டி செல்ல வேண்டும். உருகி இருக்கும் இடத்தில் தடித்த கம்பி ஒன்றை வைத்துக் கட்டிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார்.

“திருடன் வருகிறான் என்று கூவும் காவற்காரனின் வாயைக் கட்டிவிட்டால் திருடன் திரும்பிப் போய்விடுவானா?” என்று பெரியவர் கேட்டார். “தடித்த கம்பியை வைத்தால் அது அறாது. அதற்கு மாறாக, விரிப்பின் கீழே இருக்கும் கம்பிக் கற்றை எரியும். இவ்வண்டியின் எரிபொருள் தொட்டி பின்புறத்தில் இருக்கிறது. அதன்மேல் மணமக்களை உட்கார வைத்து அனுப்ப என் மனம் ஒப்பாது. எனக்குச் சிறிது நேரம் கொடுங்கள்.”

பின்பு அவர் இளைஞனை நோக்கி, “நேற்று மாலை விளக்குகள் எரிந்தன. இன்று எரியவில்லை. இடையில் என்ன வேலை நடந்தது?” என்று வினவினார். பிழை தேடுவோர் கேட்கவேண்டிய முதற்கேள்வி இதுவே. நன்றாக இருந்த ஒன்று கெட்டதானால், நன்றாக இருந்த நேரத்துக்கும் கெட்ட நேரத்துக்கும் இடையே செய்யப்பட்டவற்றிலேயே காரணம் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

“இருக்கைகளையும் தகடுகளையும் பொருத்தினேன், ஐயா. எல்லாம் முறையாகவே செய்தேன்” என்றான் இளைஞன். அவன் குரல் தாழ்ந்திருந்தது. பெரியவர் மேலும் வினவவில்லை.

முதலில் கண்ணால் காணக்கூடியவற்றைப் பார்த்தார். கம்பிகள் இரும்புத் தகட்டின் துளைகளைக் கடக்கும் இடங்களில் ரப்பர் வளையங்கள் இருக்கின்றனவா, விளக்குத் தாங்கிகளில் கம்பியின் பிரிகள் பிதுங்கி உடலைத் தொடுகின்றனவா என்று நோக்கினார். குறை ஒன்றும் புலப்படவில்லை. பின்னர் ஒரு சோதனை விளக்கை எடுத்தார். அது 12 வோல்ட்டு, 21 வாட்டு விளக்கு. இரண்டு கம்பிகள் மட்டும் இணைக்கப்பட்டது. வண்டியின் பக்க விளக்குகள், பின்விளக்குகள் முதலிய அனைத்தின் பல்புகளையும் கழற்றச் செய்தார். எரிந்த உருகியை நீக்கி, அதன் இரண்டு முனைகளுக்கும் இடையே சோதனை விளக்கை இணைத்தார். சுவிட்சை இழுத்ததும் அது முழு ஒளியுடன் எரிந்தது.

“பல்புகளே இல்லாதபோது ஓட்டம் செல்ல வழி ஏது, ஐயா?” என்றான் இளைஞன்.

“அதுவே நாம் தேடும் வழி. நேர்மையான வழிகள் அனைத்தையும் அடைத்துவிட்டோம். அப்படியிருந்தும் விளக்கு எரிகிறது என்றால், ஓட்டம் திருட்டு வழியில் செல்லுகிறது என்று பொருள். இவ்விளக்கு இருக்கும் வரையில் 1.75 ஆம்பியருக்கு மேல் ஓட்டம் பாயாது. ஆகவே கம்பி சூடேறாது. நாமும் பதறாமல் தேடலாம். எந்த இணைப்பைக் கழற்றும்போது இவ்விளக்கு அணைகிறதோ, அதற்கு அப்பால்தான் பிழை இருக்கிறது.”

பல்புகளைக் கழற்றியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை மிகக் குறைவு. 21 வாட்டு பல்பு எரியும்போது ஏறத்தாழ 7 ஓம் தடை உடையது; குளிர்ந்த நிலையில் அது ஓர் ஓமுக்கும் குறைவு. பாட்டரியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் தடையை அளப்போர், பல்பைக் கழற்ற மறந்தால், நல்ல பல்பையே குறுக்குச்சுற்று என்று மயங்கிவிடுவர்.

அடுத்து, பெரியவர் சுற்றைப் பங்கிட்டார். சுவிட்சிலிருந்து வரும் கம்பி முகப்புப் பலகையின் பின்னே மூன்றாகப் பிரிந்தது. ஒன்று முன்புற விளக்குகளுக்கும், ஒன்று முகப்புப் பலகை விளக்குகளுக்கும், ஒன்று பின்புறத்துக்கும் சென்றன. முன்புறக் கம்பியைக் கழற்றினார். சோதனை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பலகைக் கம்பியைக் கழற்றினார், அப்போதும் எரிந்தது. பின்புறக் கம்பியைக் கழற்றியதும் அணைந்துவிட்டது. முதலில் கழற்றிய இரண்டையும் மீண்டும் இணைத்தார், விளக்கு எரியவில்லை. எனவே அவ்விரண்டும் குற்றமற்றவை என்பது உறுதியாயிற்று.

பின்புறக் கம்பியைத் திரும்ப இணைத்தபின் டிக்கிக்குச் சென்றார். அங்கே கற்றை பிரிந்து மூன்று விளக்குகளுக்கும் செல்லும் இணைப்புகள் அனைத்தையும் கழற்றினார். சோதனை விளக்கு அணையவில்லை. எனவே பிழை விளக்குகளின் பக்கத்தில் இல்லை. முகப்புப் பலகைக்கும் டிக்கிக்கும் இடையே, விரிப்பின் கீழே கிடக்கும் கம்பியில் இருக்கிறது. வண்டி முழுவதும் பரந்திருந்த ஐயம் இரண்டே படிகளில் ஒரு கதவோரத்துக்குள் அடங்கிவிட்டது. பெரிய சிக்கலைப் பாதி பாதியாக வகுத்துக் கொண்டு செல்லுவதே பிழை தேடுவோரின் கலை.

கதவடித் தகட்டின் திருகாணிகளை அவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். முன்கதவின் கீழிருந்த மூன்றாவது திருகாணி பாதி வெளிவந்தபோது சோதனை விளக்கு அணைந்தது. அதனை முழுவதும் எடுத்துப் பார்த்தார்; மற்றவற்றைக் காட்டிலும் அது இருமடங்கு நீளம். தகட்டைத் தூக்கினால், அதன் கீழே சிவப்புக் கம்பியில் ஒரு துளையும், துளையைச் சுற்றிக் கரியும் காணப்பட்டன. நீண்ட திருகாணி காப்பைத் துளைத்துச் செம்பை இரும்போடு பிணைத்துவிட்டது.

உரிமையாளர் மகிழ்ந்தார். “பிழை அகப்பட்டுவிட்டது. விளக்கும் அணைந்துவிட்டது. விரைவில் மூடிவிடுங்கள்” என்றார்.

சோதனை விளக்கு அணைந்தே இருந்தது. அதன் சொற்படி வண்டியில் வேறு பிழை இல்லை. அப்போது இளைஞன் தலை குனிந்தபடி, “ஐயா, மூட வேண்டா. அந்த நீளத் திருகாணி ஒன்றன்று, இரண்டு. பழைய திருகாணிகள் இரண்டு தொலைந்துவிட்டன. கையில் அகப்பட்டவற்றைப் போட்டு முடுக்கினேன். மற்றொன்று பின்கதவின் தகட்டில் இருக்கிறது. முதலிலேயே சொல்ல அஞ்சினேன்” என்றான்.

பெரியவர் பின்கதவின் தகட்டையும் கழற்றினார். இரண்டாவது திருகாணியின் முனை கம்பியின் காப்பைக் கீறிச் சென்றிருந்தது. கீறலின் ஊடே செம்பு மின்னியது. ஆனால் திருகாணி அதனைத் தொடவில்லை. நூலளவு இடைவெளி இருந்தது. அதனால்தான் சோதனை விளக்கு அதனைக் காட்டவில்லை. மேடுபள்ளமான சாலையில் வண்டி குலுங்கியிருந்தால், அந்த இடைவெளி ஒருநாள் மறைந்திருக்கும். அது பட்டறையில் நேராது. இரவிலோ மழையிலோ ஆளில்லாத சாலையிலோ நேர்ந்திருக்கும்.

உரிமையாளர் வாய் திறவாமல் அந்தக் கீறலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் இளைஞனைக் கடிந்து பேசவில்லை. “தம்பி, தவறான திருகாணியை முடுக்கியது பிழை. அது எவர்க்கும் நேரக்கூடியது, எனக்கும் நேர்ந்திருக்கிறது. அதனை மறைத்திருந்தால்தான் அது குற்றமாகியிருக்கும். காலையில் நான் கேட்டபோதே சொல்லியிருந்தால் இவ்வளவு நேரம் வீணாகியிராது. எனினும், கேளாதபோது சொன்னாயே, அது பெரிது. இந்தச் சோதனை விளக்கு இன்றைய பிழையை மட்டுமே காட்டும். நாளைய பிழையை உன் சொல்தான் காட்டியது” என்றார்.

பின்னர் இருவரும் செப்பனிடும் வேலையில் இறங்கினர். சேதமுற்ற இடத்தில் நாடாவை மட்டும் சுற்றிவிடுவது போதாது. வெப்பத்தால் நாடாவின் பசை இளகிவிடும். எனவே, கெட்ட பகுதிகளை வெட்டி எடுத்து, அதே பருமனும் அதே நிறமும் உள்ள புதிய கம்பித் துண்டுகளைச் சேர்த்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தனர். இணைப்புகளின்மேல் வெப்பத்தால் சுருங்கும் குழலைப் போர்த்தினர். திருகாணிகள் எட்டாத இடத்துக்குக் கற்றையை நகர்த்தி, பற்றுக்கொக்கிகளால் நிறுத்தினர். குறுகிய திருகாணிகளைத் தேடி எடுத்துத் தகடுகளை முடுக்கினர். ஒவ்வொரு திருகாணியை முடுக்கும்போதும் சோதனை விளக்கு அணைந்தே இருக்கிறதா என்று இளைஞன் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

அதன்பின் பல்புகளைப் பொருத்தினர். சோதனை விளக்கை எடுத்துவிட்டு 5 ஆம்பியர் உருகியை வைத்தனர். சுவிட்சை இழுத்ததும் ஐந்து விளக்குகளும் எரிந்தன. பெரியவர் அத்துடன் நிற்கவில்லை. விளக்குகளை ஒரு மணி நேரம் எரியவிட்டு, உருகித் தாங்கியையும் இணைப்புகளையும் கையால் தொட்டுப் பார்த்தார். எங்கும் சூடு இல்லை. கதவுகளை அடித்துச் சாத்தியும், வண்டியைக் குலுக்கியும் பார்த்தார். ஒளி நடுங்கவில்லை. உரிய அளவுள்ள உருகிகள் நான்கினை ஒரு சிறு பெட்டியில் இட்டு உரிமையாளரிடம் தந்து, “இவற்றில் ஒன்று எரிந்தால் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். மறுபடியும் எரிந்தால், விளக்கை அணைத்துவிட்டு வண்டியைக் கொண்டு வாருங்கள். இவற்றுக்குப் பதிலாகக் கம்பியையோ சிகரெட்டு அட்டையின் ஈயத்தாளையோ மட்டும் வையாதீர்கள்” என்றார்.

மறுநாள் விடியற்காலையில், இருள் பிரியும் முன்னே, பூச்சரங்கள் அசைய அவ்வண்டி திருமண வீட்டை நோக்கிச் சென்றது. அதன் பின்விளக்குகள் இரண்டும் செவ்வொளி வீசின. அவற்றின் கீழே ஒரு கதவோரத்தில் நிகழவிருந்த தீமை தடுக்கப்பட்டதை மணமக்கள் அறியார். அறியவேண்டிய தேவையும் அவர்கட்கு இல்லை. பணிமனைகளில் நேர்மையாக உழைப்போரின் தொண்டு பெரும்பாலும் இவ்வாறே பிறர் அறியாமல் நிகழுகிறது.

குறுக்குச்சுற்றைக் கண்டறியக் கருவிகள் பல உள்ளன. அவற்றைக் கையாளும் முறைகளை எவரும் கற்றுக்கொள்ளலாம். பதறாமை, ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தல், எரிந்த உருகியின் செய்தியை மதித்தல் ஆகியவை அம்முறைகளின் அடிப்படை. ஆயினும், அவை அனைத்துக்கும் முன்னே நிற்பது ஒன்று உண்டு. தான் செய்ததைச் செய்தவாறே சொல்லும் துணிவே அது. அளவு மீறியதை உருகி உடனே உரைத்துவிடுகிறது. அதற்காகத் தன்னையே இழக்கிறது. தன் பிழையை உரைக்கும் மனிதன் இழப்பது சிறிது நேரத்து நாணம் ஒன்றே. அதனால் அவன் காப்பது பல உயிர்களாகவும் இருக்கலாம்.